தண்ணீருக்கடியில் இருந்த நெல்

நான் வேலை செய்யும் கம்பெனியின் முன்கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. ஜன்னல் அளவுதான் இருக்கும். அவ்வளவு பெரிய சுவரில் அது ஒன்று மட்டும் தனியாக, மேலே ஒரு சின்ன விளக்கோடு. முழுக்கத் தண்ணீர். மேலே ஏரிக்கரை ஒரு பட்டையாக ஓடுகிறது, அதற்கு மேல் கொஞ்சம் மழை வானம். மற்றதெல்லாம் பச்சையும் மஞ்சளும் சாம்பலுமாகத் தீற்றல்கள். கிட்டே போய்ப் பார்த்தால் பெயிண்ட் பிரஷ்ஷைத் துடைத்த துணி போலத் தெரியும். வாசல் கண்ணாடிக் கதவருகே நின்று பார்த்தால் தண்ணீர் அசையும். இடது ஓரத்தில் ஒரு சிவப்புத் தீற்றல், அதை ஒட்டி உருண்டையாக ஒரு மஞ்சள்.

அந்தக் கூடத்தைத் துடைப்பது என் வேலை. காண்டிராக்ட் ஆள். காலையிலும் மதியத்திலும் மாப் போடுவேன், மழை நாளில் கால் தடம் விழ விழத் துடைத்துக்கொண்டே இருப்பேன். அதனால் அந்தப் படத்தின் முன் நின்று பேசுகிறவர்கள் எல்லாரையும் கேட்டிருக்கிறேன். பச்சையைத் தாமரை இலை என்பார்கள். பாசி என்பார்கள். எங்கள் மேனேஜர் விருந்தாளிகளிடம் அந்த மஞ்சளைக் காட்டி, "சூரியன் தண்ணியில விழுது பாருங்க" என்பார். ஒரு அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, மனசுக்கு இதமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தச் சிவப்பு என் மனைவி. மஞ்சள், அவள் சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டா. பச்சை முழுக்க எங்கள் நெல்.

தொண்ணூற்று ஒன்றாம் வருடம் எனக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. என் மனைவி தாய்மாமன் மகள். ஏரிக்குக் கீழே எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பாவை நான் நைனா என்பேன்; நைனாவும் நானும் அடுத்தவர் நிலத்தில் உழுதோம், அது இல்லாத நாளில் கல்குவாரிக்குப் போனோம். அதற்கு முன்னால் மழை சரியாகப் பெய்யாமல் ஏரி வறண்டு கிடந்தது. ஏரிக்குள் மாடு மேய்ந்தது, பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். கீழே நிலம் வைத்திருந்தவர்கள் தண்ணீர் இல்லாமல் தரிசாகப் போட்டுவிட்டார்கள்.

ஏரி நிரம்பினால் தண்ணீர் நிற்கிற உள்பக்கத்தை உள்வாய் என்போம். வருடா வருடம் வண்டல் படிந்த மண். அதில் பயிர் வைக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். வறண்ட வருடத்தில் நிலம் இல்லாதவன் வைப்பான் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆடியில் நைனா புழுதி ஓட்டி மூன்று மாத நெல்லை விதைத்தார். என் மனைவி ஆடிக்குத் தாய்வீடு போயிருந்தாள். ஆவணியில் அவள் திரும்பி வந்தபோது பயிர் கணுக்கால் உயரம் நின்றது. பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே ஏரிக்குள் இறங்கிப் போய்ப் பார்த்தாள்.

அப்படி ஒரு பயிரை அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் வைத்ததில்லை. எரு போடவில்லை. விட்டுவிட்டுப் பெய்த மழையே போதுமாக இருந்தது. கதிர் வாங்கியபோது ஊரில் இருந்தவர்கள் கரைமேல் நின்று பார்த்தார்கள். கீழே தரிசு வைத்திருந்த ஒருவர், "ஏரியையே பட்டா போட்டுகினான்யா" என்றார். நைனா சிரித்துக்கொண்டார். அந்த நெல் வீட்டுக்கு வந்தால் அடுத்த வருடம் ஒருவர் காலிலும் விழாமல் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் குத்தகைக்குப் பிடிக்கலாம் என்று இருந்தார். எங்களுக்கு இருந்த ஒரே பிடி அதுதான்.

கதிர் மஞ்சளாகத் திரும்பும் சமயத்தில் மழை பிடித்தது. விடாத மழை. முதலில் முழங்கால் தண்ணீர், பிறகு இடுப்பு. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் கதிர் தெரியவில்லை. கரைமேலிருந்து பார்த்தால் வெறும் ஏரி. தண்ணீரில் இறங்கிக் கையை விட்டால் ஒரு சாண் ஆழத்தில் கதிர் தட்டும்.

நைனாவும் எங்களைப் போல உள்வாயில் விதைத்திருந்த இன்னும் சிலரும் ஊர்த்தலைவரிடம் போனார்கள். நானும் பின்னால் நின்றேன். ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழியாக வழியத் தொடங்கியிருந்தது. கலங்கலில் நிறுத்தியிருந்த கல்லில் ஒன்றிரண்டைத் தூக்கினால் ஒரு முழம் தண்ணீர் வடியும், கதிர் தலை நீட்டும், அறுத்துக்கொள்ளலாம். அதைத்தான் கேட்டார்கள்.

"ஏன்யா, மூணு வருசமா ரொம்பாத ஏரி. இப்பதான் ரொம்பிகீது. கல்ல எடுன்னு சொல்ற வாயப் பாரு" என்றார் தலைவர்.

"ஒரே ஒரு நாளுங்க. அறுத்துட்டு நாங்களே கல்ல வச்சிர்றோம்" என்றார் நைனா.

"வானம் உன் வூட்டு வேலக்காரனா? நீ கல்ல வச்சப்பறம் திரும்ப பெய்யுமா? ஏரிக்குள்ள நட்டுட்டு ஏரி ரொம்பக் கூடாதுன்னு வேண்டிகினு இருந்தவங்கதானே நீங்க."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அது பொய்யில்லை. நாங்கள் வேண்டிக்கொண்டுதான் இருந்தோம்.

எங்கள் பக்கத்தில் ஏரி வழிந்தால் கலங்கலில் பொங்கல் வைப்பார்கள். பம்பை அடித்து, தண்ணீருக்கு மஞ்சள் குங்குமம் போட்டு, ஒரு புதுப்புடவையை ஏரியம்மனுக்கு என்று விடுவார்கள். வீட்டுக்கு ஒரு பொம்பளை பொங்கல் பானையோடு போயாக வேண்டும். போகாத வீடு ஏரியைச் சபித்த வீடு என்று பேராகிவிடும். அம்மாவும் என் மனைவியும் தலைகுளித்து, பூ வைத்துக்கொண்டு போனார்கள். ஊரே குலவை போட்டபோது அவர்களும் போட்டார்கள். எங்கள் நெல் மூழ்கியதற்கு என் வீட்டுப் பொம்பளைகளே குலவை போட்டுவிட்டு வந்தார்கள். வந்ததும் என் மனைவி பானையை இறக்கிவிட்டு அண்டாவைத் தூக்கினாள்.

"வா மாமா. கைக்கு எட்டற வரைக்கும் அறுக்கலாம்" என்றாள்.

மார்பளவு தண்ணீரில் நின்று, கண்ணுக்குத் தெரியாத கதிரைக் கையால் துழாவிக் கொத்தாகப் பிடித்து, தண்ணீருக்குள்ளேயே அருவாளால் அறுக்க வேண்டும். அறுத்ததைப் போட அண்டாவை மிதக்கவிட்டு, அதன் காதில் கயிறு கட்டி இடுப்பில் முடிந்துகொண்டாள். நான் பக்கத்து வரிசையில் கூடையை வைத்துத் தடுமாறிக்கொண்டிருந்தேன். நைனா இன்னும் உள்ளே போனார். மழை தூறிக்கொண்டே இருந்தது.

படம் வரைகிறவர் அப்போதுதான் வந்தார். மெட்ராஸில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் ஒரு இடத்தில் வாத்தியார் என்றார்கள். படப்பை வழியாக வரும் டவுன் பஸ்ஸில் ஒரு மரச்சட்டத்தோடும் பெட்டியோடும் வந்து இறங்கினார். நிரம்பிய ஏரிகளை வரைகிறாராம். மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு, அதில் தங்கிக்கொண்டார். எங்கள் வீடு அதை ஒட்டி இருந்ததால் அம்மா சாப்பாடு கொடுத்தார்கள். கரைமேல் தார்ப்பாய் கட்டி அதன் அடியில் உட்கார்ந்து, நாங்கள் தண்ணீரில் நிற்கிற பக்கமாகப் பார்த்து வரைந்தார். எங்களை ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் யாரோடும் பேச வராது என்பதால் அவரைப் பிடித்திருந்தது.

அறுத்து வந்த கதிரில் பாதி முளைவிட்டிருந்தது. வெயில் இல்லை. அடுப்பின் மேல் பரப்பி வாட்டி, இடித்துப் பார்த்தால் கறுத்த அரிசி, சேற்று நாற்றம். அதில் கஞ்சி வைத்துக் கருவாட்டுக் குழம்போடு அவருக்கும் ஊற்றினோம். அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது.

"தண்ணியில கெடந்த நெல்லுங்க. வேற அரிசி இல்ல, தப்பா நெனைக்காதீங்க" என்றார்கள்.

"நல்லா இருக்கும்மா" என்று இன்னொரு முறை வாங்கிக் குடித்தார்.

மழைச் சேதம் பார்க்க அரசாங்கத்து ஆள் ஒருவர் வந்தது அந்த வாரத்தில்தான். கரைமேல் குடை பிடித்துக்கொண்டு நின்றார். நைனா தண்ணீரிலிருந்து ஏறிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். அவர் தண்ணீரைப் பார்த்தார்.

"எங்கய்யா பயிரு?"

"உள்ள கீதுங்க. கைய வுட்டுப் பாருங்க, தட்டும்."

"இது ஏரி. ஏரியில தண்ணி நிக்காம வேற இன்னா நிக்கும்? நான் இங்க பயிர் இருந்துதுன்னு எழுதினா என் வேல போய்டும்."

"எழுத வேணாங்க. ஒரு தபா கைய வுட்டுப் பாருங்க" என்றார் நைனா. பணம் வராது என்பது அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் அந்த ஆள் ஒரே ஒரு முறை குனிந்து கையை விட வேண்டும் என்று நின்றார். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குடையைச் சாய்த்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் நைனா தார்ப்பாயின் அடியில் போய் உட்கார்ந்தார். படம் முடிகிற நிலையில் இருந்தது. நானும் என் மனைவியும் ஈரத்தோடு பின்னால் நின்றோம். நைனா மூக்கு படுகிற தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

"இன்னா சார் இது, ஒண்ணுமே புரியல. வெறும் சாயமா கீது."

"எட்ட போய்ப் பாருங்க ஐயா."

எட்டப் போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நானு?" என்றாள் என் மனைவி. அவர் சிவப்பைக் காட்டினார். "குங்குமம் கொட்டின மாதிரி வச்சிட்டீங்களே. மூக்கு முழி ஒண்ணுமில்லியா?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். அண்டாவைக் காட்டியபோது அவளும் சிரித்தாள். நைனா மட்டும் சிரிக்கவில்லை.

"சார், கவர்மெண்டுக்காரன் இங்க நெல்லே இல்லன்னுட்டுப் போய்ட்டான். நீங்களாவது நெல்லுன்னு போட்டு வச்சீங்களா?"

"பச்சை எல்லாம் உங்க நெல்லுதான் ஐயா" என்றார் அவர். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவர் அதைச் சும்மா சொன்ன மாதிரியும் இல்லை.

நைனா தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியில், "போவட்டும், ஒரு எடத்துலயாவது கீதே" என்றார். அதற்குப் பிறகு தண்ணீருக்குள் கதிர் அழுகிவிட்டது. ஏரி முழுக்கப் புளித்த நாற்றம். நைனா மறுபடி பயிர் வைக்கவில்லை. குத்தகைப் பேச்சையும் எடுக்கவில்லை. அம்மாவும் அவரும் போய்ச் சேர்ந்தார்கள். ஊரில் யாராவது அந்த வருடத்தைப் பற்றிப் பேசினால், "அங்க இன்னா பயிர் இருந்துது, கோரப்புல்லுதான் இருந்துது" என்பார்கள். மறுத்துச் சொல்ல நானும் என் மனைவியும்தான் மிச்சம்.

பிறகு கம்பெனிகள் வந்தன. குவாரிக்குப் போன நான் கட்டட வேலைக்குப் போனேன், கட்டி முடித்த கட்டடத்திலேயே துடைக்கிற வேலைக்கு நின்றுவிட்டேன். ஐந்தாவது வரை படித்தவனுக்கு அதுதான் கிடைத்தது. முன்கூடத்தைப் புதிதாக மாற்றிக் கட்டியபோது அந்தப் படத்தைக் கொண்டுவந்து மாட்டினார்கள். இந்த வட்டாரத்து ஏரி என்பதால் வாங்கினார்களாம். பார்த்ததும் தெரிந்துவிட்டது. மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வரவேற்பு மேசையில் இருக்கிற பெண் திருநெல்வேலிப் பக்கம்.

"என்ன அண்ணாச்சி, அங்கயே நிக்கிய?" என்றாள்.

படத்தின் கீழே இங்கிலீஷில் ஒரு அட்டை இருந்தது. படிக்கச் சொன்னேன்.

"அமைதியான நீர்னு போட்டிருக்கு அண்ணாச்சி. ஒரகடம் அருகே ஒரு ஏரி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொண்ணு."

"நெல்லுன்னு எதுனா போட்டுகீதாம்மா?"

"நெல்லா? இல்லியே. ஏன்?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டில் சொன்னபோது என் மனைவிக்கு நம்ப முடியவில்லை. அண்டா இருக்கிறதா என்று முதலில் கேட்டாள். அவளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஆயுதபூஜை அன்று மட்டும் கம்பெனிக்குள் குடும்பத்தை விடுவார்கள், ஆனால் எங்களைப் போன்ற காண்டிராக்ட் ஆட்களின் குடும்பத்துக்கு ஷெட் வரைதான். வரவேற்புப் பெண் தானே முன்கூடத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். என் மனைவி எந்தப் புடவை என்றுகூட எடுத்து வைத்துவிட்டாள்.

அதற்கு முன்னால் கம்பெனி ஆண்டுவிழா வந்தது. அந்த ஓவியரையே விருந்தாளியாக அழைத்திருந்தார்கள். வயதாகிவிட்டது, தடித்த கண்ணாடி, கையில் தடி. சால்வை போட்டுப் படத்தின் முன்னால் நிற்கவைத்தார்கள். மழை நாள் என்பதால் நான் மாப்போடு தூணருகே நின்றேன். அவர் நல்ல தமிழில், தண்ணீரை வரைவது என்றால் தண்ணீரின் மேல் விழும் ஒளியை வரைவது என்று பேசினார். ஒருவர் அந்தப் பச்சை என்ன சார் என்று கேட்டார்.

நான் ஓவியரின் வாயையே பார்த்தேன்.

"நான் சொல்லிட்டா படம் செத்துப் போயிடும். நீங்க சொல்லுங்க" என்றார்.

தாமரை என்றார் ஒருவர். பாசி என்றார் ஒருவர். நம்பிக்கை என்றார் ஒரு மேடம். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சுற்றிப் பார்த்தவர் என்னைக் கண்டார். "அவரைக் கேப்போம். தினமும் பாக்கறவர் அவர்தான்."

எல்லாரும் திரும்பினார்கள். நான் நாலு பேர் முன்னால் பேசினவன் இல்லை. ஆனால் அந்த வார்த்தையை நான் தேட வேண்டியிருக்கவில்லை.

"நெல்லுங்க" என்றேன். "தண்ணிக்குள்ள கீது. மேல தெரியாது."

ஒரு நொடி அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தேன். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா. இவருக்கு அது நெல்லாத் தெரியுது. என்ன அழகான கற்பனை. இதுக்குத்தான் நான் எதையும் சொல்றதில்ல."

கை தட்டினார்கள்.

"தெரியறது இல்லீங்க, இருந்துது. எங்க நைனா உங்ககிட்ட..." என்று நான் சொன்னது கைதட்டலில் எனக்கே கேட்கவில்லை. அவர் அருகில் வந்து என் தோளில் கை வைத்தார். போட்டோ எடுத்தார்கள். மேனேஜர் என் முதுகில் தட்டினார்.

அவர் மறந்துவிட்டாரா, ஞாபகம் வந்தும் அந்த இடத்தில் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டாரா, தெரியவில்லை. பல ஏரிகளை வரைந்தவர், பல வீடுகளில் கஞ்சி குடித்தவர், மறந்திருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் எனக்கு ஆறவில்லை. குடை பிடித்துக்கொண்டு வந்தவன் இல்லை என்று சொன்னான். இல்லை என்று சொன்னவனிடம் சண்டையாவது போடலாம். இவர், உனக்கு அப்படித் தெரிகிறது, நல்லது என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? எங்கள் வீட்டில் எல்லாரும் நின்ற தண்ணீர், அறுத்த கதிர், எல்லாம் என் தலைக்குள் தோன்றிய ஒன்றாகிவிட்டது. தாமரை என்று சொன்னவரும் நானும் ஒன்று.

வீட்டில் என் மனைவி காத்துக்கொண்டிருந்தாள்.

"கண்டுகினாரா உன்ன?"

நடந்ததைச் சொன்னேன்.

"உனக்கு அப்படித் தெரியுதாமா?" என்றாள். கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்தாள். "காலு ஊறி வெரலு வெரலா தோலு உரிஞ்சுதே, அதுவும் எனக்கு அப்படித் தெரிஞ்சுதாமா?"

கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஆயுதபூஜைக்கு நான் வரல மாமா. வந்து நானும் நின்னு கை தட்டணுமா?"

புடவையை மறுபடி பெட்டியில் வைத்துவிட்டாள்.

கம்பெனியில் என் போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். ஆட்கள் என்னை நெல்லு அண்ணே என்று கூப்பிட்டார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. விருந்தாளி யாராவது வந்தால் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார்.

"இவர்தான் நான் சொன்னவர். சொல்லுங்க, உங்களுக்கு இதுல என்ன தெரியுது?"

"நெல்லுங்க."

அவர்கள் சிரித்துத் தலையாட்டுவார்கள். முதல் சில முறை, இவர்களில் ஒருவராவது ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்பார் என்று நின்றேன். கேட்டால் சொல்லிவிடலாம் என்று சொற்களைக்கூட வரிசையாக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. பதிலே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. சொல்லச் சொல்ல எனக்கே அது வாய்ப்பாடு போல ஆகிவிட்டது. ஒருநாள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது கதிர் கையில் தட்டிய ஞாபகம் வரவில்லை. அது போனால் என்னிடம் வேறு ஒன்றும் இல்லை என்று பயந்துவிட்டேன்.

சூப்பர்வைசரிடம் போய் என்னை வேறு பக்கம் போடச் சொன்னேன்.

"இன்னாண்ணே, எல்லாரும் ஏசிக்கு அடிச்சிக்கிறானுங்க, நீ வேணாங்கற. டிஸ்பாட்ச்ல கக்கூஸ்தான் காலியா கீது."

"பரவால்ல, அங்கயே போடுப்பா."

"சார் கோச்சிக்குவாரே. நெல்லு யார் சொல்றது?"

"யாருனா சொல்வாங்க" என்றேன்.

இப்போது முன்கூடத்தை ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர் துடைக்கிறார். வேலையை ஒப்படைக்கிற அன்று அவரிடம் எந்த வாளி எதற்கு, எந்தத் துணி கண்ணாடிக்கு என்றெல்லாம் காட்டினேன். படத்தின் முன்னால் வந்ததும் அவர் நின்று பார்த்தார். கிட்டே போனார், பின்னால் வந்தார்.

"அண்ணா, இது என்ன?" என்று கேட்டார்.

அவர் கேட்ட விதத்தில் கேலியோ ரசிப்போ எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். உட்கார்ந்து முழுக்கச் சொல்லியிருக்கலாம். அவருடைய தமிழுக்கும் அது புரிந்திருக்கும், வெள்ளத்தில் பயிர் போனது அவர் ஊரிலும் நடக்காததா.

"ஏரி" என்றேன்.

அவர் சரி என்று வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்.